முதுமையில் துணையை இழந்தோருக்கான துயரச் சிகிச்சை: பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், மல்லேஸ்வரம் போன்ற பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்கள் ஒருபுறம். மகனோ மகளோ வேலை பார்க்கும் ஊர் என்பதற்காகக் கும்பகோணத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த பெற்றோர் மறுபுறம். இவ்விரு வகைக் குடும்பங்களிலும் முதியவர் ஒருவர் துணையை இழந்தபின், பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. முதியோருடன் ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு அவை மனப்பாடமாகிவிட்டன. சொல்ல வேண்டிய விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாக வரும் மனிதர்களை யாரும் அடையாளம் காணாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்பா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு 72 வயது. இந்த வயதில் துக்கம் இயல்புதானே, சிகிச்சை எதற்கு?

துக்கம் இயல்புதான், பெரும்பாலோருக்குச் சிகிச்சை தேவைப்படுவதும் இல்லை. உறவுகளும் சடங்குகளும் நாள்களும் சேர்ந்து அவர்களை மெல்ல மெல்ல எழுப்பி நடமாட வைத்துவிடுகின்றன. ஆனால் துணையையோ நெருங்கியவரையோ இழந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் துயரம் தளராமல், முதல் வாரத்தில் இருந்த அதே கனத்தோடு உறைந்து நின்றுவிடுகிறது. இதனை நீடித்த துயரக் கோளாறு என்று மருத்துவம் அழைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அது குறைந்தது ஆறு மாத காலத்தை அளவாகக் கொள்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் திருத்திய கையேட்டில் பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வரையறுத்தது.

நாள்களை மட்டும் எண்ணிப் பயனில்லை. எட்டு மாதத்தில் ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அழுகை இருந்தாலும் நடுவே பேரக் குழந்தையின் பேச்சுக்குச் சிரிக்கிறாரா, சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சொல்கிறாரா, வாசலில் கோலம் போட்டவர் மறுபடியும் ஒருநாளாவது கோலப்பொடியைத் தொட்டாரா? அப்படியெனில் துயரம் தன் வழியில் நகர்கிறது. அதற்கு மாறாக, நாள் முழுவதும் இறந்தவரைத் தேடி ஏங்குவது, இறந்ததை மனம் ஏற்க மறுப்பது, தன்னில் பாதி செத்துவிட்டதாக உணர்வது, அவர் நினைவு வரும் இடங்களை எல்லாம் தவிர்ப்பது, இனி வாழ்வதில் பொருளே இல்லை என்று நம்புவது ஆகியவை மாறாமல் நீடித்து அன்றாட வாழ்வையே முடக்கினால் உதவி தேவை. அந்த வகைப்பாடே, துயரம் அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. நம் வழக்கத்தில் பல குடும்பங்கள் தலைத்திவசம் வரை மாதந்தோறும் மாசியம் செய்கின்றன. அந்த நாள்களில் அம்மா உடைந்து அழுதால் அது நோய் ஆகாது.

"வயசாயிடுச்சு, இனிமே இப்படித்தான்" என்ற வாக்கியத்தை நான் அஞ்சுகிறேன். சிகிச்சைக்கு வர வேண்டியவர்களை இரண்டு மூன்று ஆண்டுகள் வரவிடாமல் செய்வது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியம்தான்.

இது துயரமா, மனச்சோர்வு நோயா? எப்படிப் பிரித்தறிவது?

துயரம் அலையாக வரும். அதன் நடுவில் இறந்தவர் இருப்பார். மனச்சோர்வு மூட்டமாகக் கவியும். எதிலும் பிடிப்பு இருக்காது, தான் எதற்கும் உதவாதவர், எல்லாருக்கும் பாரம் என்ற எண்ணம் மேலோங்கும். இரண்டும் ஒருவரிடம் ஒருசேர இருப்பதும் உண்டு. ஆகையால் வீட்டிலேயே தீர்மானிக்காமல் நிபுணரிடம் விடுவது நல்லது.

நம் முதியவர்கள் மனதைச் சொல்ல உடம்பைத்தான் துணைக்கு அழைப்பார்கள். "நெஞ்சை அடைக்குது", "உடம்பெல்லாம் எரியுது", "சாப்பாடே இறங்கலை" என்பார்கள். அதைத் துயரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உடல் நோயாகவே முதலில் சோதிக்க வேண்டும். தைராய்டு குறைபாடும் வைட்டமின் பி12 குறைபாடும் சோர்வாகவும் மறதியாகவும் வெளிப்படும். கடும் அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாகப் பலூன்போல் உப்பிப் பலவீனமடையும் ஒரு நிலை உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதை விவரித்து, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் டாக்கோட்சுபோ என்று பெயரிட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடமே அது அதிகம் காணப்படுகிறது. துணை இறந்த முதல் சில மாதங்களில் முதியவர்களின் இறப்பு வாய்ப்பு கூடுவதும் பல நாடுகளின் ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. எனவே நெஞ்சுவலி என்றால் ஆலோசகரை அல்ல, மருத்துவமனையை நாடுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வழக்கம்போல் உள்ளே போகின்றனவா என்பதையும் கவனியுங்கள். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் போனபின் அவை விட்டுப்போவது மிகச் சாதாரணம்.

இறந்துபோன அம்மா கூப்பிடுவது கேட்கிறது என்கிறார் அப்பா. மூளையில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971-இல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ, அவரைக் கண்டதாகவோ, குரலைக் கேட்டதாகவோ கூறினார்கள். பலர் அதை ஆறுதலாகவே எண்ணினார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. உங்கள் அப்பா உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்றால் அது நம்பிக்கையின் அடையாளம். அதட்டாமல், "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். அந்தக் குரல் அவரை அச்சுறுத்தினாலோ, ஏதாவது செய்யும்படி ஏவினாலோ, திடீரென நாளும் இடமும் குழம்பினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும்கூட அத்தகைய குழப்பத்தை உண்டாக்கும்.

சிகிச்சை அறைக்குள் என்னதான் நடக்கும்? வெறும் ஆறுதல் பேச்சா?

இல்லை. நீடித்த துயரத்துக்கென்றே உருவாக்கப்பட்ட முறை இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் காதரின் ஷியர் வகுத்த முறையில் பொதுவாக 16 அமர்வுகள், வாரத்துக்கு ஒன்று. 50 வயதைக் கடந்த 151 பேரைக் கொண்டு அவர் குழு செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. இந்தத் துயரச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குத் தெளிவான முன்னேற்றம் ஏற்பட்டது. மனச்சோர்வுக்கான வேறொரு பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கே அது கிடைத்தது. இரு சாராரின் சராசரி வயது 66-ஐ ஒட்டியிருந்தது. வயதான மனம் மாறாது என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது.

அறைக்குள் நடப்பது இதுதான். முதல் சில அமர்வுகள் பழக்கத்துக்கும் நாட்குறிப்புக்கும் போகும். ஒவ்வொரு நாளும் துயரம் எப்போது மிகுந்தது, எப்போது சற்றே விலகியது என்று குறித்து வரச் சொல்வார்கள். பின்னர் கண்ணை மூடிக்கொண்டு, மரணச் செய்தி வந்த அந்தப் பொழுதை, நடந்தது நடந்தவாறே சொல்லச் சொல்வார்கள். அதைப் பதிவு செய்து வீட்டிலும் கேட்கச் சொல்வதுண்டு. இது கடினமான பகுதி. ஆயினும் சொல்லச் சொல்லத்தான் அந்த நாள், என்றென்றும் நடந்துகொண்டேயிருக்கும் நாளாக இல்லாமல், நடந்து முடிந்த நாளாக மாறுகிறது. தவிர்த்துவந்த இடங்களுக்குச் சிறுகச் சிறுகப் போய்வருவது, இறந்தவரிடம் மனதுக்குள் பேசி அவர் என்ன சொல்லுவார் என்று கேட்டுப்பார்ப்பது, இனித் தனக்கென்று என்ன வேண்டும் என்று யோசிப்பது ஆகியவை அடுத்தடுத்து வரும்.

இதற்கு அடிப்படையான ஒரு கருத்தை, மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷுட் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் முன்வைத்தார்கள். துயரப்படுபவர் ஒருபுறம் இழப்பை நோக்கியும் மறுபுறம் புதிய அன்றாடத்தை நோக்கியும் மாறி மாறிப் போய்வருகிறார். இந்த ஊசலாட்டமே ஆரோக்கியம் என்பது அவர்கள் கூற்று. ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் நின்றுவிடும்போதுதான் சிக்கல் வருகிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்; 1969-இல் அதைச் சொன்ன மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ், தாமே மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் கண்டதைத்தான் எழுதினார். உங்கள் தந்தை அந்தப் படிகளில் வரிசையாக ஏற வேண்டியதில்லை.

ஆண்களுக்கு அன்றாடத்தை நோக்கிய பக்கம் பெரும்பாலும் சமையலறையில்தான் தொடங்குகிறது. ஐம்பதாண்டு மணவாழ்வில் ஒருநாளும் அடுப்பைப் பற்றவைக்காத பெரியவர் ஒருவர், மனைவி போனபின் வெளியிலிருந்து வரும் சாப்பாட்டை வெறுத்து ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொண்டிருந்தார். ஆறாவது அமர்வில் அவர் தேர்ந்தெடுத்த இலக்கு, ரசம் வைப்பது. நெல்லிக்காய் அளவு புளி என்று மனைவி சொல்லக் கேட்ட நினைவு இருந்தது. பெரிய நெல்லியா அரைநெல்லியா என்பது தெரியவில்லை. அதைத் தம் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி மருமகளிடம் சொன்னவர், பிறகு தாமே தொலைபேசியை வாங்கிப் பேசினார். அந்தப் பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது, மனைவி இறந்தபின் தம் தங்கையிடம் அவர் பேசிய முதல் நீண்ட பேச்சு.

அழுகையைக் கிளறிவிடுவது இதயத்துக்கு ஆகாதல்லவா?

நம் பாட்டிமார்கள் ஒப்பாரி வைத்து, கட்டிப்பிடித்து, இறந்தவரின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார்கள். அழுபவரைச் சுற்றி ஆள்கள் இருந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று தலையணையில் முகம் புதைத்து அழுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. பயிற்சி பெற்றவர், அழுகை எழும்பவும் அடங்கவும் நேரம் விட்டே அமர்வை முடிப்பார். இதய நோய் உள்ளவர் என்றால் அதை முதலிலேயே தெரிவித்துவிடுங்கள்.

மாத்திரை கொடுத்தால் போதாதா?

துயரத்துக்கென்று மாத்திரை இல்லை. ஷியர் குழுவினர் 395 பேரிடம் செய்து 2016-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைச் சேர்த்தபோது துயரம் கூடுதலாகக் குறையவில்லை. ஆனால் துயரச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது உடனிருந்த மனச்சோர்வு நன்கு குறைந்தது. ஆகவே மனச்சோர்வும் இருந்தால் மருத்துவர் மருந்து எழுதுவது சரியே. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் வேறு விஷயம். காரியம் முடியும்வரை தூங்கட்டும் என்று தொடங்கியது ஆண்டுக்கணக்கில் தொடர்வதை அடிக்கடி பார்க்கிறேன். முதியவர்களுக்கு அவை தடுமாறி விழும் ஆபத்தையும் மறதியையும் கூட்டும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வாழ்க்கைத் தரம் மேம்படும் என்கிறீர்கள். அதை எப்படி அளக்கிறீர்கள்?

உலக சுகாதார நிறுவனம் இதற்கென 26 கேள்விகள் கொண்ட படிவத்தை வைத்திருக்கிறது. உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள். அதன் மூல வடிவத்தை உருவாக்கிய உலக மையங்களில் சென்னையும் ஒன்று. ஆகவே தமிழில் அது ஆங்கிலத்திலிருந்து பின்னால் இறக்கிய சரக்கு அல்ல, தொடக்கத்திலிருந்தே உடனிருந்தது. முதியோருக்கென்று 24 கேள்விகள் கொண்ட துணைப் படிவமும் உண்டு. பார்வை, செவி போன்ற புலன்கள், தன் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமை, மரணத்தைப் பற்றிய அச்சம், நெருக்கம் ஆகியவற்றையும் அது கேட்கிறது.

படிவத்தின் மதிப்பெண்ணைவிட, அது எதையெல்லாம் வாழ்க்கை என்று எண்ணுகிறது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். பிள்ளைகள் மனதை மட்டும் பார்க்கிறார்கள். அம்மாவின் கையில் செலவுக்கு அவருடைய பணம் இருக்கிறதா? குடும்ப ஓய்வூதியம் அவர் பெயருக்கு மாறி, அட்டையின் இரகசிய எண் அவருக்கே தெரிந்திருக்கிறதா? ஓய்வூதியத்துக்கு நவம்பரில் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றைப் பற்றி யாராவது சொன்னார்களா? காது கேட்கும் கருவிக்கு மின்கலம் மாற்றினீர்களா? காது மந்தமானவர் கூட்டத்தில் தனியாகிறார். அதைத் துயரம் என்று நாம் தவறாக எண்ணுகிறோம். சிகிச்சைக்கு வந்த அம்மா ஒருவருக்கு, அடுக்குமாடியின் காவலாளியிடம் சொல்லி ஆட்டோ பிடித்துத் தனியாகக் கோயிலுக்குப் போய்வந்த வெள்ளிக்கிழமைதான் திருப்புமுனை. அன்று அவர் படிவத்தை நிரப்பியிருந்தால் எண்கள் சற்று ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை உடனே எங்களோடு பெங்களூருக்கு அழைத்து வந்துவிடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். தனியாக விடக் கூடாது என்ற அன்பில், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் காரில் ஏற்றி வந்துவிடுகிறோம். அவர் கணவரை இழந்த அதே மாதத்தில் கிணற்றடியையும், பால்காரரையும், எதிர்வீட்டுத் தோழியையும், எந்நேரமும் தமிழ் காதில் விழும் தெருவையும் சேர்த்து இழக்கிறார். இங்கே பதினான்காம் மாடியில் காலை எட்டு மணிக்கு மேல் பேச ஆள் இல்லை. மின்தூக்கியில் சந்திப்பவரிடம் பேச மொழி இல்லை. ஓராண்டு கழித்து, அம்மா அப்பாவையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று என்னிடம் அழைத்து வருகிறார்கள். கேட்டுப்பார்த்தால் அவர் பாதி நேரம் நினைத்துக்கொண்டிருப்பது தம் வீட்டை.

உடல்நிலை இடம் கொடுத்தால் முதல் ஓராண்டுக்கு வீட்டை விற்பது, நிரந்தரமாக இடம் பெயர்வது, சொத்தை எழுதி வைப்பது ஆகிய மூன்றையும் தள்ளிப்போடுங்கள். இரண்டு மாதம் இங்கே, இரண்டு மாதம் அங்கே என்று போய்வரட்டும். வந்தே ஆக வேண்டிய நிலை என்றால் அவருடைய சாமி படம், அம்மி, தையல் இயந்திரம் என்று கையோடு பழகிய ஒன்றிரண்டு பொருள்கள் உடன் வரட்டும். வீட்டில் ஒரு வேலை முழுமையாக அவர் பொறுப்பில் இருக்கட்டும். "நீங்க சும்மா உட்காருங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பது உபசாரம்போல் ஒலித்தாலும், கேட்பவரிடமிருந்து கடைசி வேலையையும் பறித்துவிடுகிறது.

பெங்களூரில் எங்கே தொடங்குவது? தமிழில் பேசுபவர் கிடைப்பாரா?

கிடைப்பார், அதைக் கேட்டு வாங்குங்கள். மனைவியின் கடைசி நாளை எந்த மனிதராலும் இரண்டாம் மொழியில் முழுமையாகச் சொல்ல முடியாது. அப்பா ஆங்கிலம் நன்றாகப் பேசுவாரே என்பார்கள். அலுவலகத்தில் பேசிய ஆங்கிலம் அழுவதற்கு உதவாது. மகனோ மகளோ உடனிருந்து மொழிபெயர்ப்பதும் கூடாது, ஏனெனில் பிள்ளைகள் முன்னால் சொல்லக்கூடாதவை இருக்கும்.

ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ், முதியோர் மனநலத்துக்குத் தனிப் பிரிவு கொண்ட மத்திய அரசு நிறுவனம். அவசரப் பிரிவு நாள் முழுவதும் இயங்கும். தொலைபேசியிலேயே தொடங்க விரும்பினால் 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்த நேரமும் அழைக்கலாம். தமிழைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. தனியாரிடம் செல்வதானால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்றும், துயரச் சிகிச்சையில் பயிற்சி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறேதும் இல்லை. அல்சூர் ஏரியருகே உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்கள் சிகிச்சை தருபவை அல்ல; ஆனால் சிகிச்சையின் பிற்பகுதியில் வாரம் ஒருமுறை தமிழ் கேட்கும் இடத்துக்குப் போய்வருவதை நான் அமர்வுக்கு நிகராகவே மதிக்கிறேன்.

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்" என்கிறார் அம்மா. பயப்பட வேண்டுமா?

இது பலரும் சொல்லும் ஏக்கம். ஆயினும் கேட்காமல் விடாதீர்கள். "உயிரை விட்டுடணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது, நகைகளைத் திடீரெனப் பங்கிட்டுக் கொடுப்பது, உண்ணவும் மருந்து எடுக்கவும் மறுப்பது போன்றவை தெரிந்தால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; மருந்துகளையும் பூச்சிக்கொல்லிகளையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். காவல்துறை வழக்கு வந்துவிடும் என்று அஞ்சி மறைக்க வேண்டாம்: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கிறது.

பூவும் பொட்டும் வேண்டாம் என்கிறார் அம்மா. நாங்கள் வற்புறுத்தலாமா?

களையும்படியும் வற்புறுத்தக் கூடாது, வைத்துக்கொள்ளும்படியும் வற்புறுத்தக் கூடாது. பத்தாம் நாளன்று உறவுப் பெண்கள் கூடித் தாலியைக் கழற்றிய காட்சியே சிலருக்குக் கணவரின் மரணத்தைவிடக் கூர்மையாக நினைவில் தங்கியிருக்கிறது. அதற்கும் அமர்வில் இடம் உண்டு. திவசமோ, கல்லறைத் திருநாளோ, கணவரை இழந்த இஸ்லாமியப் பெண்கள் இருக்கும் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவோ, அவரவர் முறை அவரவருக்குப் பற்றுக்கோடு. எதை எவ்வளவு செய்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

அப்பாவின் சட்டை, கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கின்றன. எப்போது எடுப்பது?

நீங்கள் எடுக்காதீர்கள். ஓர் அம்மாவின் வீட்டில் கிழமை வாரியாக ஏழு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி இருந்தது. கணவர் புதன் இரவு காலமானார். வியாழன், வெள்ளி, சனிக்குரிய மாத்திரைகள் ஒன்றரை ஆண்டாக உள்ளேயே இருந்தன. மகள் ஒருமுறை அவற்றைக் கொட்டப்போனபோது இரண்டு நாள் பேச்சு நின்றது. பதினோராம் அமர்வுக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப்பின் தரையில் அமர்ந்து, அட்டைகளைப் பரப்பி, மஞ்சள் காலைக்கு, வெள்ளை இரவுக்கு என்று அவர் பிரித்துப் போடுவார். கணவர் நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொரு வாரமும் எண்ணிச் சரிபார்ப்பார். அதைச் சொல்லிமுடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அன்று அவர் எதையும் எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மாத்திரைகளை ஒரு காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்தினார். இப்போது அவருடைய தைராய்டு மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் அந்தப் பெட்டியில் இருக்கின்றன; ஞாயிறு மதியம் அவரே நிரப்புகிறார், பேத்தி எண்ணிச் சரிபார்க்கிறாள்.